எடுத்து வைச்ச சாறி

அன்புள்ள சுபோதினி,

நான் ஒத்துக்கொண்ட மனேஜர் வேலையை கொம்பனி இப்போதைக்கு நிப்பாட்டி வைச்சிருக்கு. போனில சொன்னால் அழுவீர் எண்டுதான் எழுதுறன். நான் சுகம். உம்மட முழங்கால் நோ எப்பிடி?

அந்த வேலையை நம்பித்தான் வெள்ளவத்தைச் சாறிக்கடையை வித்தனான். இப்ப ஒஃபிஸ் பிள்ளை, "கான்சல் இல்லை அங்கிள், ஹோல்டிலதான் இருக்கு" எண்டு சொல்லுது. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. "எடுத்து வையுங்கோ அண்ணை, வாறன்" எண்டு சாறியை ஒதுக்கிப்போட்டுப் போன எத்தினை பேரைப் பாத்தனான்! மூண்டு மாசம் கழிச்சும் திரும்பி வந்தது நீர் ஒராள்தான். அந்த நீலச் சாறியைக் கேட்டவைக்கெல்லாம் வித்துப்போச்செண்டு பொய் சொன்னனான். வந்த அண்டைக்குக் குடையை மறந்து விட்டிட்டுப் போனீர். அதைக் குடுக்கிற சாட்டிலதானே உங்கட பாமன்கடை வீட்டுக்கு முதல்முதல் வந்தனான்.

இஞ்ச யாழ்ப்பாணத்தில வீடு பாத்து உம்மைக் கூப்பிடுறது கொஞ்சம் பிந்தும். கடை மிளகாய்த்தூள் வாய்க்குப் பிடிக்குதில்லை, கொஞ்சம் அரைச்சு யாழ்ப்பாண பஸ்ஸில விடும். வரேக்க அந்தச் சாறியையும் கொண்டு வாரும்.

கொம்பனிக்கும் மூண்டு மாசம்தான் குடுப்பன். அதுவரை நிஸாம் நானாவின்ர துணிக்கடையில நிக்கிறன். கதைச்சு முடிச்சது இதுதான்: மாசம் எழுபதாயிரம், மத்தியானச் சாப்பாடு, கொம்பனி கூப்பிட்டால் அண்டைக்கே என்னை விடவேணும்.

உம்மட
தவராசன்