செத்த வெள்ளி

ஜனவரி 9, 2025, வியாழன்

மத்தியானம் கேன்டீனில் டில்லிபாபு சாரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்தேன். டிபன் டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஒரு வெள்ளி ரூபாயின் படம். ஓரத்தில் தங்க நிறம், உள்ளே ரோஸ், நடுவில் மயில்கழுத்து நீலம். காசில் பொறித்த வெள்ளைக்கார ராஜாவின் காதுக்குப் பக்கத்தில் சின்னக் கீறல். அந்தக் கீறல் எனக்குத் தெரியும், அது எங்கள் வீட்டுக் காசு. கீழே எழுதியிருக்கிறார்: "இயற்கை நிறம். 22,000க்குப் போனது."

அப்பா இறந்த வருஷம், ஆஸ்பத்திரிச் செலவுக்காக ஆறு காசை அவரிடம்தான் கொண்டுபோனேன். எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர், பழைய காசு சேர்க்கிறவர், நாலும் தெரிந்தவர் என்று நம்பினேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கறுத்துப் போச்சும்மா ஷெர்லின். இது செத்த வெள்ளி. எடைக்குத்தான் போவும்."

நான் தேங்க்ஸ் சார் என்றேன். தேங்க்ஸ்!

ஜனவரி 12, ஞாயிறு

மூன்று நாளாக இதையே படிக்கிறேன். வெள்ளி தானாக இப்படி நிறம் மாற முப்பது நாற்பது வருஷம் ஆகுமாம். காகிதத்தில் இருக்கும் கந்தகமும் காற்றும் போதும். தேய்த்துக் கழுவினால் போச்சு. தொடாமல் வைத்தால் வருஷா வருஷம் விலை ஏறும்.

அப்பா இதெல்லாம் தெரிந்து செய்யவில்லை. சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சபையே பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் அடித்துக்கொள்ளும்போது, அப்பா யாக்கோபு மட்டும் யாரோ காணிக்கையாகப் போட்ட வெள்ளி ரூபாயை ஏலம் கேட்பார். எண்பதுகளில் ஏழு வருஷம், ஏழு காசு. ஒவ்வொன்றையும் பழுப்புக் காணிக்கை உறையில் போட்டு, பென்சிலால் வருஷத்தை எழுதி பீரோ மேல் வைத்தார். யாரையும் தொட விடமாட்டார்.

ஏழாவதை அம்மா அன்றைக்கு விற்க விடவில்லை. அப்பாவின் கல்லறையில் இன்னும் மரச் சிலுவைதான் நிற்கிறது. "இத்த வித்துதான் உங்கப்பனுக்குக் கல்லு வெக்கணும். நவம்பர்ல வர்ற கல்லறைத் திருநாளுக்குள்ள நிக்கணும்டி" என்கிறாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் லீவு. டில்லிபாபு நாசமாகப் போகட்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஓவர்டைம். கம்பெனி லேபில் நான் மட்டும்தான்.

நான் பார்க்கிற வேலை என்ன? பிளேட்டிங் டெஸ்ட், உலோகப் பூச்சு எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்பது. பத்து வருஷத் துருவைப் பத்தே நாளில் வரவழைக்கிற பெட்டிகள் எங்களிடம் இருக்கின்றன. காலத்தை அவசரப்படுத்தத்தான் எனக்குச் சம்பளமே. அப்படியிருக்க—

போன வாரம் பாரிமுனையில், பளபளவென்று தேய்த்துக் கழுவின ஆறு பழைய ரூபாய் வாங்கினேன். அப்பாவின் காலி உறைகள் ஆறும் வீட்டில் பத்திரமாக இருந்தன. கந்தகத்துக்காக அவித்த முட்டையின் மஞ்சள் கருவை நசுக்கி, உறையும் காசுமாக ஈரப்பதப் பெட்டிக்குள் வைத்தேன். சாயங்காலத்துக்குள் ரோஸ் வந்தது, நீலமும் வந்தது. எந்த டெஸ்ட்டிலும் ஒரு பீஸைத் தொடாமல் ஒப்பிட வைத்துக்கொள்வோம். அம்மாவின் காசை அப்படி வைத்துப் பார்த்தேன். என்னுடைய பொய் ஒரு சுற்று கூடுதல் அழகாகவே இருந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

டீ பிரேக்கில் ஆறையும் டில்லிபாபுவிடம் கொடுத்தேன். எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன்: இன்றைக்கு அந்த ஆள் உண்மையான விலையைச் சொன்னால் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். சத்தியமாக.

"அப்பாவுது இன்னும் ஆறு கீது சார். சர்ச் ஏலத்துல எடுத்தது. காணிக்கைக் கவர்லயே வச்சிருந்தாரு."

கண் மின்னியது. ஆனால் உதடு பிதுங்கியது. "அதே கேஸ்தாம்மா. செத்த வெள்ளி. எடைக்குப் போட்டுக்கவா?"

"போட்டுக்கங்க சார். தேங்க்ஸ் சார்."

இந்த தேங்க்ஸ் இனித்தது.

ஜூன் 14, சனி

ஆறையும் ஒரு கண்காட்சியில் விற்றுவிட்டார், அதுவும் அப்பாவின் கதையோடு. ஓரகடம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடு, சர்ச் ஏலம், காணிக்கை உறை. கதைக்கே தனி விலை கிடைத்ததாம். நன்றாக விற்கட்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெடித்தது!

வாங்கினவர் ஒருவர் தரம் பார்க்கிற இடத்துக்கு அனுப்ப, 'செயற்கை நிறம்' என்று திரும்பி வந்திருக்கிறது. இன்னொருவர் உறையை மோந்து பார்த்து முட்டை நாற்றம் என்று எழுதியிருக்கிறார். காசு சேர்ப்பவர்கள் குரூப்பில் டில்லிபாபுவைக் கிழிகிழி என்று கிழித்து வெளியே தள்ளிவிட்டார்கள். வேறு நம்பரில் நானும் அந்தக் குரூப்பில் இருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தேன்.

இன்றைக்கு புரொடக்‌ஷன் லைன் பக்கம் டில்லிபாபு என்னை நிறுத்தினார். முகம் சுண்டியிருந்தது. "ஏம்மா, அந்தக் காசு... உங்கப்பா நெஜமாவே..."

"இன்னா சார்? செத்த வெள்ளின்னு நீங்கதான சொன்னீங்க?"

அதற்கு மேல் அவர் வாயைத் திறக்க முடியுமா? திறந்தால் தன் பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். அம்மாவுக்குப் பிரியாணி வாங்கினேன்.

அக்டோபர் 18, சனி

எப்படி எழுதுவது இதை.

அப்பாவின் கல்லறைக் கல்லுக்கு நேரமாகிறதென்று, அம்மாவை ஸ்ரீபெரும்புதூரில் யதிராஜன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரிடையர் ஆன பேங்க் ஆபீசர், பழைய காசு சேர்க்கிறவர், அந்த விஷயத்தில் சுத்தமான மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா உறையோடு நீட்டி, அப்பாவின் கதையை ஆதியிலிருந்து சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. லென்ஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அழகாத்தான் இருக்கும்மா. ஆனா சர்ச் ஏலம், காணிக்கைக் கவர்னு இதே கதையோட ஆறு காசு வந்து எல்லார் கையையும் சுட்டுடுத்து. இனிமே இதை யாரும் தொடமாட்டா."

"நெஜங்க ஐயா. எங்க வூட்டுக்காரர் கையால வச்சது."

"தரம் பார்க்க அனுப்பலாமே" என்றேன்.

"சந்தேகம்னு ஒரு வரி போட்டுத் திருப்பிடுவா." காசை அம்மா பக்கம் மெதுவாக நகர்த்தினார். "எடைக்கு வேணா எடுத்துக்கறேன்."

ஒரு வார்த்தை போதும். அந்த ஆறும் நான் அவித்தது, இது அப்பாவுடையது என்று. சொன்னால் வேலை போகும், போலீஸ் வரும். அதைவிட, அம்மா என்னைப் பார்ப்பாள். உட்கார்ந்தே இருந்தேன் பாவி.

அம்மா எடைக்கே கொடுத்துவிட்டாள். பஸ் ஸ்டாப்பில், எடைக்குக் கிடைத்த நோட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு சொன்னாள்:

"அந்த டில்லிபாபு அன்னிக்கே கரெக்டாத்தான் சொல்லிக்கீறாரு. நீதான் அவரத் திட்டிக்கினே கெடந்த. பாவம்டி அந்த ஆளு."

நவம்பர் 1, சனி

அம்மா முறுக்கு சுட்டு டில்லிபாபு சாருக்குக் கொடுத்தனுப்பினாள். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்மா" என்றார்.

நாளை கல்லறைத் திருநாள். அப்பாவின் மரச் சிலுவைக்கு வெள்ளை பெயிண்ட் அரை லிட்டரும் ஒரு பிரஷும் வாங்கிவிட்டேன். விடிந்ததும் போய் அடிக்க வேண்டும்.