தமிழ்த் தாளுக்கும் கிரெடிட்

அன்புள்ள அம்மாவுக்கு உலகம்மை வணங்கி எழுதுவது. முட்டிவலி புதுத் தைலத்துக்குக் கேட்கிறதா? நான் இங்கே வங்காளத்தில், சால்ட் லேக்கில் சௌக்கியம். ஆபீஸிலும் ஒரு குறையுமில்லை.

அம்மா, எனக்கு நேரே மூன்றாம் வருஷத்தில் இடம் கிடைத்துவிட்டது! அப்பா போனதும் நீ வேலைக்கு அனுப்பியபோது தென்காசியில் பாதியில் விட்ட பி.எஸ்ஸி.யை இங்கே மாலைக் கல்லூரியில் தொடரப் போகிறேன். அங்கே வாங்கிய கிரெடிட் எல்லாவற்றையும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

தமிழ்த் தாள்களில்தான் கொஞ்சம் இழுபறி. "இதுக்குச் சமமான பாடம் இங்க இல்லையே, ரெண்டாம் வருஷத்துல சேர்ந்துடேன்" என்றார் துறைத்தலைவி சென்குப்தா மேடம். ஆனாலும் விடவில்லை. "உங்க பிள்ளைங்க வங்காள மொழி படிச்சா கிரெடிட் உண்டுல்லா மேடம்? எனக்குத் தமிழ் அப்படித்தான்" என்று என் அரைகுறை வங்காள மொழியிலேயே கேட்டுவிட்டேன்.

மேடம் சிரித்துவிட்டார். "தாய்மொழின்னு சொல்லிட்ட, இனிமே நான் எப்படி மறுக்கிறது?" என்று கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் வாசல் காவலாளியிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்று கைகொடுத்தார்!

பரணில் இருக்கும் என் புள்ளியியல் புத்தகங்களை அனுப்பு. அட்டை மடங்காமல் உன் நூல்சேலை ஒன்றில் சுற்றி வை. துவைத்தது வேண்டாம், கட்டி அவிழ்த்ததே போதும்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. "நான்தான் புள்ள படிப்பக் கெடுத்தேன்" என்று இனி யாரிடமும் சொல்லாதே. அது கெடவில்லை அம்மா.

உன்
உலகு