உன் பெயரில் நான் எழுதிய பதில்கள்

என் தனா அக்கா,

உன்னிடம் ஒரு தப்பை ஒத்துக்கொள்ளத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைத்துச் சொல்லத் தெம்பில்லை. நீ போன பிறகு நாலு மாதம், நம் கடைக்கு வந்த செய்திகளுக்கெல்லாம் நீயே எழுதுவது போல நான் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு திருப்பதியில் ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். நீ பெருத்த உடம்பு, நான் ஒல்லி. கடைவீதிக்கு நைட்டி வாங்கப் போன அன்று, "மீ சைஸு லேதம்மா", உன் அளவு இல்லை என்று அந்த விற்பனைக்காரன் சிரித்தானே, நினைவிருக்கிறதா? எனக்கு அழுகை வந்தது. நீ மட்டும் அசரவில்லை. "லேதா? சரி, மேமே குட்டுகுண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாய். நாமே தைத்துக்கொள்கிறோம் என்று நீ ஏதோ கோபத்தில் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

மறுவாரமே உன் அம்மா வீட்டுப் பக்கமான நகரியிலிருந்து துணி வந்தது. நான் தைத்தேன். நீ போட்டுக்கொண்டு போன் முன்னால் நின்றாய். "இன்னாத்துக்கு வெக்கம்? நம்ம உடம்புக்குத் துணி இல்லன்னா அது துணிக்காரன் தப்பு, நம்ம தப்பு இல்ல" என்று தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிப் பேசினாய். 'நம்ம சைஸ்' என்று இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கினோம். சித்தூரிலிருந்தும் நாயுடுபேட்டையிலிருந்தும் பெண்கள் எழுதினார்கள். நைட்டி வாங்கினார்கள் என்பதைவிட உன்னோடு பேச வந்தார்கள் என்பதுதான் உண்மை. தையலும் பார்சலும் பதில் தட்டுவதும் என் வேலை. முகமும் குரலும் நீ.

ஆடி மாதம் நீ மயங்கி விழுந்தாய். பிரஷர் என்றார்கள். மூன்றாம் நாள் உன்னை வெள்ளைத் துணியில் கொண்டுவந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து போனைத் திறந்தேன். "தனாக்கா, புது டிசைன் எப்போ?" என்று யாரோ கேட்டிருந்தார்கள். நீ இல்லை என்று எழுத விரல் வரவில்லை. "சீக்கிரமே கண்ணு" என்று எழுதினேன். கண்ணு உன் வார்த்தை. அதை எழுதிய அந்த ஒரு நிமிடம் நீ அடுப்படியில் இருப்பது போலவே இருந்தது. அதற்காகத்தான் அடுத்ததையும் எழுதினேனா? இல்லை, கடை நின்றுவிடும் என்ற பயமா? இன்றைக்கும் எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. உன் பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாக மறுபடி போட்டேன். உன் குரல் கேட்கும்போதெல்லாம் உன் வீட்டுக்காரரான மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். நான் கவனிக்காதது போல இருந்தேன்.

நாயுடுபேட்டை ரமாதேவியை உனக்குத் தெரியும். டீக்கடை வைத்திருக்கிற அம்மா, தினம் உனக்கு ஒரு வணக்கம் அனுப்புவாரே, அவர்தான். ஐப்பசியில் அவர், "ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுக்கா, உன் குரலைக் கேட்டு எவ்ளோ நாளாச்சு" என்று எழுதினார். "தொண்டை சரியில்லை கண்ணு, டாக்டர் பேசக்கூடாதுன்னு சொல்லிட்டார்" என்று எழுதினேன். அவ்வளவு சுலபமாக வந்தது அக்கா, அந்தப் பொய்.

கார்த்திகையில் ஒரு காலை, பார்சல் கவரில் இருந்த முகவரியை வைத்துக்கொண்டு ரமாதேவி வாசலில் வந்து நின்றார். கையில் தேங்காய், பூ.

"தனாக்கா எங்கம்மா? தொண்டை நல்லாயிட்டா கூட்டிக்கினு வரேன்னு காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு வேண்டிக்கினேன். பஸ்ஸுக்கு நேரமாவுது, கூப்பிடு."

ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல வாய் திறந்தேன். பொய்ச் சத்தியம் செய்யப் பயந்து ஜனங்கள் ஒதுங்குகிற கோயில் அது. அந்தக் கோயிலுக்குக் கிளம்பி வந்தவரிடம் இன்னொரு பொய்யா? உள்ளே சுவரில் மாலையோடு இருந்த உன் படத்தைக் காட்டினேன்.

அவர் படத்தருகே போய்ப் பார்த்தார்.

"எப்போ?"

"ஆடியில."

"நான் வேண்டிக்கினது ஐப்பசியில." என் முகத்தை உற்றுப் பார்த்தார். "தொண்டை வலின்னு எழுதினது நீயா?"

தலையசைத்தேன்.

"அப்ப நான் யாருக்கும்மா வேண்டிக்கினேன்?"

காபி போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று பூவை உன் படத்தின் கீழே வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனார்.

மாமா உள் அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. "சாயம் போற துணின்னா, போவும்னு சொல்லித்தான் வித்தா உங்க அக்கா. அவ பேர்ல இதெல்லாம் வேணாம் மஞ்சு" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை, வீடியோ எடுக்கப் போகிறேன், போனைப் பிடிக்க முடியுமா மாமா என்று கேட்டேன். நீ கூப்பிட்டபோதெல்லாம் "போடி, எனக்கு வேற வேல இல்ல" என்று நழுவிய மனுஷன் எழுந்து வந்து பிடித்தார். அவர் பிடித்ததில் படமெல்லாம் ஆடியது. நான் முதல் முறையாக முகம் காட்டினேன். தனா அக்கா ஆடியில் இறந்துவிட்டார், அதற்குப் பிறகு உங்களிடம் பேசியது நான், மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன்.

சிலர் அழுதார்கள். சிலர் செத்தவளை வைத்துப் பிழைப்பு நடத்தினாயா என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதானே? பாதிப்பேர் பக்கத்தை விட்டுப் போய்விட்டார்கள். இப்போது ஒரு நாளைக்கு ஒரு பார்சல் போனால் அதிகம். "உங்கள் அளவு சொல்லுங்கள், தைத்துத் தருகிறேன், போட்டுக் காட்ட எனக்கு உடம்பு இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறேன். தையல் மெஷினில் உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகிறது. பேச்சுத் துணைக்கு யாருமில்லாத வேலை இவ்வளவு அலுப்பாக இருக்கும் என்று நீ சொல்லவே இல்லையே?

நேற்று ரமாதேவியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இரண்டு வாரத்துக்குப் பிறகு. "மறுபடியும் காணிப்பாக்கம் போறேன். அர்ச்சனைக்கு உன் பேரும் நட்சத்திரமும் அனுப்பு." அவ்வளவுதான். கோபம் போய்விட்டதா என்று அதிலிருந்து தெரியவில்லை. மஞ்சுளா, சுவாதி என்று தட்டிவிட்டு, அனுப்பாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து என் பெயர் போவது அதுதான் முதல் தடவை. பிறகு அனுப்பினேன்.

கடையை விடாமல் நடத்துவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது அக்கா. அவ்வளவு தெம்பு மிச்சமில்லை. ஒன்றுக்கு மட்டும் வாக்குத் தருகிறேன். வீடியோ பார்க்காத யாராவது இன்னமும் "தனாக்கா எங்கே?" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்கிற ஒவ்வொருவரிடமும் நீ இல்லை என்று சொல்வேன். சொல்லிச் சொல்லித்தான் நானும் அதை நம்பியாக வேண்டும்.

உன் வீட்டுக்கு உனக்குப் பின்னால் வந்த
ஓரகத்தி,
மஞ்சுளா