ஆற்றுக்கு அடியில் பொரியும் சத்தம்

மே 11, ஞாயிறு

மறுபடியும் அதே கரகரப்பு. தஞ்சோங் டாவாய் ஆற்றுப் படகுத்துறையில் காலையிலிருந்து மைக்கைத் தண்ணீருக்குள் இறக்கிப் பதிவு செய்தேன். படகு மோட்டார் சத்தம் அழகாக வருகிறது. அதற்கு மேலே ஓயாமல் ஏதோ பொரிகிறது. நானே செய்த மைக், வயரில்தான் கோளாறு இருக்கும். மூன்றாவது முறையாகப் பிரித்து ஒட்ட வேண்டும். இசைத் தொழில்நுட்பம் இறுதியாண்டாம், ஒரு வயரை ஒழுங்காக ஒட்டத் தெரியவில்லை!

பக்கத்தில் அப்பா வழக்கம்போல் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டார். "கரகரன்னு ஒண்ணும் இல்லையேம்மா. போட்டு மோட்டார் நல்லாத்தான் கேக்குது." அவருக்கு எப்படிக் கேட்கும்? இருபத்திரண்டு வருடம் ஃபேக்டரி மெஷின் பக்கத்திலேயே நின்ற காது. கெட்டில் விசில் கேட்காது, ஹேண்ட்ஃபோன் அலாரம் கேட்காது. கீழ்ச்சுருதியில் வரும் கனத்த சத்தங்கள் மட்டும்தான் மிச்சம்.

மே 19

கரகரப்பை மென்பொருளில் போட்டு முழுவதுமாக நீக்கிவிட்டேன். ஆற்றுச் சத்தங்களைக் கோத்து நான் கட்டும் இறுதியாண்டு இசைத் திட்டத்துக்கு விக்னேஸ்வரன் சார்தான் பொறுப்பு. கேட்டுவிட்டு, "இப்பதான் க்ளீனா இருக்கு. இப்படியே குடு, பாஸாயிடுவ" என்றார். ஜூன் 20 கடைசி நாள். தவறினால் இன்னொரு செமஸ்டர்.

ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது. பழைய பதிவுகளை எல்லாம் அழித்தேன். குப்பை போனது.

மே 20

நிம்மதி. இரண்டு தட்டு நாசி கண்டார் சோறு சாப்பிட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சிடாம் கிரியில், எங்கள் வீட்டில் இருக்கிறேன். தோழி மைக்கை இரவல் கேட்டாள். கொடுக்குமுன் கோளாறைச் சரிபார்ப்போம் என்று குளியலறைத் தொட்டியில் இறக்கினேன். அமைதி. அரை மணி நேரம் வைத்தும் ஒரு பொரி சத்தம்கூட இல்லை. அதே மைக், அதே வயர்.

அப்படியென்றால்?

"அப்பா, கார் எடுங்கப்பா" என்றேன். ஏன் என்று கேட்காமல் எடுத்தார். படகுத்துறையில் இறக்கினேன், பொரிகிறது. தூக்கினேன், இல்லை. இறக்கினேன், பொரிகிறது. ஆறு முறை. பார்த்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

வயர் இல்லை. ஆறு!

தேடிப் படித்தேன். இறாலாம். விரல் நீளம்கூட இல்லாத இறால். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும். அதைச் சொடுக்கும்போது தண்ணீரில் ஒரு குமிழி பிறந்து உடைகிறது. அந்தக் குமிழி உடையும் சத்தம்தான் நான் கேட்டது. அலையாத்தி மரக் கரையோரம், சேற்றுக்குள், படகுத்துறைக் கால்களின் அடியில், ஆயிரமா, லட்சமா, யார் எண்ணினார்கள்? பகலிலும் இரவிலும் ஓய்வே இல்லாமல்.

ஐயோ, அழிச்சிட்டேனே. மூணு மாசத்து ஆத்த நானே தொடச்சு எடுத்துட்டு, அத சுத்தம்னு வேற சொல்லிக்கிட்டேனே. நாலு வருஷம் காதப் பழக்குனது இதுக்குத்தானா?

ஜூன் 3

சாரிடம் சொன்னேன். "நானும்தானே கேட்டேன். நானும் வயர்னுதான் நெனச்சேன்" என்றார். பிறகு, "க்ளீனா இருக்கறதக் குடுத்தா பாஸ்மா. முதல்லேர்ந்து செஞ்சு, நேரத்துக்கு முடியலன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது லா."

முதலிலிருந்து செய்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

விடியற்காலையில் சத்தம் அடர்ந்து வருகிறது, வெயில் ஏறினால் கொஞ்சம் இளகுகிறது. தண்ணீர் வற்றும்போது ஒரு மாதிரி, ஏறும்போது ஒரு மாதிரி. எத்தனை முறை கேட்டாலும் மயிர்க்கூச்செறிகிறது. அம்மாவிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். "அடியாத்தீ, தாளிக்கிற சட்டிக்குள்ள காத வச்ச மாதிரி இருக்கே!" என்று கத்தினார்.

அப்பாவும் வாங்கிக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். பிறகு கழற்றி என் கையில் கொடுத்து, "பரவால்லம்மா, நீங்க கேட்டா போதும்" என்றார்.

போதாது. ஒவ்வொரு ஞாயிறும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். பதினைந்து வருடமாக. எனக்குத் தாங்கவில்லை.

ஜூன் 14

வேகத்தைக் குறைத்தால் சத்தத்தின் சுருதியும் கீழே இறங்கும். முதலாண்டு பாடம்! இவ்வளவு நாள் எங்கே போயிருந்தது என் மூளை?

நான்கில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிட்டேன். பொரிச்சல் பிரிந்துபோய், ஒவ்வொன்றும் தனித்தனித் தட்டலாக வருகிறது. ஒன்று அருகில், ஒன்று தொலைவில், பதிலுக்கு இன்னொன்று. நாற்காலியை விட்டு எழ முடியவில்லை.

இதுதான் பிற்பாதி. கட்டியதை எல்லாம் கலைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். ஆறு நாள்.

ஜூன் 20

நான்கு நாற்பதுக்கு அனுப்பினேன். ஐந்து மணிதான் எல்லை.

ஜூலை 2

வாய்மொழித் தேர்வு. பாதியில் ஏன் வேகம் குறைகிறது என்று கேட்டார்கள். எழுதி மனப்பாடம் செய்த பதில் ஒன்று இருந்தது. வாயில் வந்தது வேறு: "எங்கப்பாவுக்குக் கேக்கணும்னு."

சார் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 6, ஞாயிறு

அப்பாவைக் கூடத்தில் உட்கார வைத்து ஹெட்ஃபோனை மாட்டினேன். முற்பாதி முழுவதும் எனக்காகப் பொறுமையாக இருந்தார். பிற்பாதி தொடங்கியது. காலாட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"யாரும்மா தட்டுறா?"

"எறாப்பா."

"எங்க?"

"நீங்க தூண்டில் போடுற எடத்துக்கு நேர் கீழ."

மூன்று முறை போடச் சொன்னார். ஒவ்வொரு தட்டலுக்கும் தலை அந்தப் பக்கம் திரும்பியது. கழற்றிய பிறகும் ஹெட்ஃபோனை மடியிலேயே வைத்திருந்தார்.

"மெஷின் சத்தத்துலேர்ந்து தப்பிச்சு, அங்க யாருமே இல்லன்னுதானேம்மா போயி உக்காருவேன்."

அடுத்த ஞாயிறு தூண்டில் வேண்டாமாம், மைக் மட்டும் போதுமாம்.

பாஸானதைச் சொல்ல மறந்தே போனேன். நாளைக்குச் சொல்லலாம்.