உங்கள் காருக்கு ரொட்டி வேன் இஞ்சின்தான், அண்ணே

கோபக்காரக் கந்தையா அண்ணனுக்கு,

உங்கள் காரின் இடது பக்க சீட்டைப் பதினாலு வருஷம் உட்கார்ந்தே தேய்த்த முத்து எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவனுக்குக் கடுதாசி ஒரு கேடா என்று நீங்கள் சிரிப்பது இங்கே வரை கேட்கிறது. சிரியுங்கள். இதைப் பத்திரிகையில் போடக் கொடுத்திருக்கிறேன். சிராங்கூன் ரோட்டில் நம்மைப் பற்றி வாய் வலிக்கப் பேசுகிறவர்கள் எல்லாரும் படிக்கட்டும். ஒவ்வொருத்தருக்கும் நின்று பதில் சொல்ல எனக்குப் பல் போதாது.

முதலில் கெட்ட சேதி. உங்கள் காரின் இஞ்சின் செத்துப்போனது. அதைவிடக் கெட்ட சேதி, வேறு இஞ்சின் வைத்துவிட்டோம்.

பதறாதீர்கள். பதறினாலும் எழுந்து வர முடியாது என்ற தைரியத்தில்தான் சொல்கிறேன். இருந்த காலத்தில் நீங்கள் இதைப் பற்றிப் பேசவே விட்டதில்லை. பானெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே சொல்வீர்கள்: "இந்த இஞ்சின் போனால் காரும் போகட்டும். ஆளின்ரை நெஞ்சை மாத்திப்போட்டு அதே ஆள் எண்டு சொல்லேலுமோ காணும்?" யாழ்ப்பாணத்து ஹெட் கிளார்க் சொன்னால் அது கவர்மெண்ட் உத்தரவு மாதிரி. லாரி ஓட்டினவன் நான் என்ன பேச முடியும்? அன்றைக்குப் பேசவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். சொல்லலாம் அண்ணே. தாராளமாகச் சொல்லலாம்.

படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. அது ஜப்பான் சண்டைக்கு முந்தின கார். துணிக் கூரை, கரும்பச்சை, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அண்ணன் வாங்கியது. ஆபீசுக்கு அண்ணன் பஸ்ஸில்தான் போவார். மார்க்கெட்டுக்கு அண்ணி நடந்துதான் போவார். கார் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மட்டும் வெளியே வரும். மலாய்க்காரர்கள் மாக்கான் ஆங்கின் என்பார்களே, காற்றுத் தின்பது, அதற்கு மட்டும். அண்ணன் ஓட்டுவார், நான் பக்கத்தில், அண்ணி பின்னால் காப்பி பிளாஸ்க்கோடு. சாங்கி வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். வேறு காரியமே கிடையாது.

இஞ்சின் எப்படிச் செத்தது என்று கேட்பீர்கள். நீங்கள் செத்ததால்தான் செத்தது.

நீங்கள் போனதும் எல்லாரும் சேர்ந்து ஒரு மரியாதை செய்தோம். ஆட்டைத் திவசம் முடியும்வரை, அதாவது ஒரு வருஷம், அந்தக் காரை யாரும் தொடக் கூடாது. துக்க வீட்டில் காற்றுத் தின்னப் போகிற கார் உறுமலாமா? அண்ணியின் தம்பி இராசதுரை வெள்ளைத் துணி கொண்டுவந்து அதை மூடினான். நான் ஒரு பூமாலை போட்டேன். வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி விடாவிட்டால் இந்த ஊர் ஈரத்துக்கு இஞ்சின் என்ன ஆகும் என்று முப்பது வருஷம் லாரி ஓட்டினவனுக்குத் தெரியாதா? தெரியும். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். காருக்கே திவசம் கொடுத்த ஆட்கள் உலகத்தில் நாம் மட்டும்தான் இருப்போம்.

திவசம் முடிந்த மறுநாள் துணியை எடுத்தால், பிஸ்டன் நாலும் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. கைப்பிடி போட்டுச் சுற்றினேன், அசையவில்லை. அப்புறம் செய்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும். அரிசிக் கடை லாரியை இரவல் வாங்கி, காரில் கயிறு கட்டி, இராசதுரையை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, காரை மூணாவது கியரில் போட்டு இழுத்தேன். இழுத்தால் விட்டுக்கொடுக்கும் என்று நினைத்தேன். படீர் என்று ஒரு சத்தம். நம் வீட்டு வாசலில் நாரிஸ் ரோடு முழுக்க எண்ணெய். இஞ்சின் பக்கவாட்டில் இரண்டு விரல் போகிற அளவு ஓட்டை.

ஜாலான் புசார் பின்சந்துப் பட்டறையில் ஆ ஹோக் பார்த்தான். நம் பழைய மெக்கானிக்தான், தலை நரைத்துவிட்டது. "சுடா மாத்தி" என்றான், செத்துப்போச்சு என்று. ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நாள் சும்மா விட்டிருந்தால் தானாக இளகியிருக்குமாம். ஆக, முக்கால் கொலை நம் மரியாதை செய்தது. மீதிக் கால் உங்கள் முத்து செய்தது. திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், அண்ணியை ஒன்றும் சொல்லாதீர்கள்.

அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு இஞ்சின். இராசதுரைக்கு டீசல். நொறுங்கிப்போன டாக்ஸியில் இருந்து கழற்றியது ஒன்று ஆ ஹோக்கிடம் கிடந்தது. அதை வைத்தால் வாரநாளில் தெம்பனிஸ் பக்கம் ஆள் ஏற்றலாம், கார் சும்மா நிற்க வேண்டாம் என்றான். தப்பான பிள்ளை இல்லை அண்ணே, அக்காவின் பாடு எப்படி நடக்கும் என்ற கவலை அவனுக்கு.

எனக்கு எது பிடித்தது என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். ஜப்பான் இஞ்சின். புதுசு மாதிரி இருந்தது, விட்டால் பறக்கும். உங்களோடு பதினாலு வருஷம் சாங்கி ரோட்டில் சைக்கிள்காரன்கூட நம்மை முந்திப் போனதைப் பார்த்தவன் நான். சாகிறதுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை யாரையாவது முந்திவிட வேண்டும் என்று ஆசை. என்ன, அதை வைக்கக் காரின் அடிச்சட்டத்தை வெட்ட வேண்டும், பானெட்டில் ஓட்டை போட வேண்டும். வெட்டினால் என்ன, அண்ணன் வந்து பார்க்கப் போகிறாரா என்று ஆ ஹோக்கிடம் சொன்னேன். இப்போது பார்த்துக்கொள்ளுங்கள், ஒளித்து வைக்கவில்லை.

மூணாவதாக மூலையில் ஒன்று, சாக்குப் போட்டு மூடியிருந்தது. பாலஸ்டியர் பக்கம் கால்வாயில் கவிழ்ந்த ரொட்டி வேனின் இஞ்சின். உங்கள் காரைச் செய்த அதே கம்பெனிதான், அதே ஜாதி, கொஞ்சம் சாதுவானது. எதையும் வெட்டாமல் உட்காரும், ஆனால் நாற்பது மைலுக்கு மேல் கேட்டால் முனகும். நானும் இராசதுரையும் சண்டை போட்டாலும் இதில் ஒத்துப்போனோம். இது வேண்டாம்.

அண்ணி பட்டறைக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சேலையோடு அந்த எண்ணெய்ச் சேற்றில். இருபது பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஆ ஹோக் தரையிலேயே வைத்து டீசலை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினான். பலகை மேல் இருந்த காப்பிக் கோப்பை தானாக நடந்து போய்க் கீழே விழுந்தது.

அண்ணி கேட்டார், "இதுக்குள்ளை இருந்து கதைச்சால் கேக்குமோ?"

"கார் ஓடுறதுக்கு அக்கா. கதைக்கிறதுக்கோ?" என்றான் இராசதுரை.

"எனக்குக் கதைக்கத்தான்."

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வீட்டில் நீங்கள் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொள்வீர்கள், அண்ணி என்ன சொன்னாலும் ஒரு 'ம்'. காரில் பேப்பர் பிடிக்க முடியாதே. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததை அண்ணி பின்சீட்டில் இருந்து சொல்வார், காலாங் பாலத்தில் தொடங்கிச் சாங்கி வரை. திரும்பும்போது பிடோக் பக்கத்தில் நீங்கள் பதில் சொல்வீர்கள். நான் காற்றுத் தின்னப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா பேசப் போயிருக்கிறார். பிள்ளை இல்லாத வீட்டில் அவருக்கு இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். அது உங்களுக்குத் தெரியுமா அண்ணே? தெரிந்துதான் மெதுவாக ஓட்டினீர்களா?

ஜப்பான் இஞ்சினையும் கேட்டார். அது வேகமாகப் போகும், சாங்கிக்கு அரை மணியில் போய்விடலாம் என்று நான் அளந்தேன். "அரை மணியிலை போய் என்ன செய்யிறது?" என்றார். என் ஆசை அங்கேயே முடிந்தது.

கடைசியில் ரொட்டி வேன். பிளக்கைக் கழற்றி ஓட்டையில் என் கட்டை விரலை வைக்கச் சொல்லி ஆ ஹோக் சுற்றினான். நாலு ஓட்டையிலும் ஒரே மாதிரி விரலை உதைத்துத் தள்ளியது, உள்ளே மூச்சு பலமாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஓட விட்டு, நீளத் திருப்புளியின் ஒரு முனையை இஞ்சினில் வைத்து மறுமுனையில் காது வைத்துக் கேட்டான். அண்ணி அந்தத் திருப்புளியை வாங்கித் தானும் குனிந்து கேட்டார். "கொஞ்சம் இருமுது. ஆனால் இடையிலை குறுக்கிடாது" என்றார். உங்களைக் குத்தினாரா இஞ்சினைப் புகழ்ந்தாரா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆக, ரோட்டில் முன்னால் ரொட்டி வேன் போனால் மூக்கைப் பொத்திக்கொள்கிற உங்கள் காருக்குள் இப்போது ரொட்டி வேன் உட்கார்ந்திருக்கிறது. வண்டிப் புத்தகத்தில் பழைய இஞ்சின் நம்பரைச் சிவப்பு மையால் அடித்துப் புதுசு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சிவப்புக் கோடு நல்ல நேராக இருந்தது, உங்களுக்குப் பிடித்திருக்கும்.

போன ஞாயிறு நாலு மணிக்குக் கிளம்பினோம். அண்ணி அதே பின்சீட்டில். நான் ஜாலான் புசார் பக்கமாகத் திருப்பினேன். புருஷன் போய் ஒரு வருஷம்தான் ஆகிறது, கூரையைத் திறந்துபோட்டு உலாவுகிறாள், அதுவும் லாரிக்காரக் கிழவனோடு என்று சொல்வார்களே, கண் மறைவாகப் போய்விடலாம் என்று. பின்னால் இருந்து குரல் வந்தது.

"ஏன் ஒளிச்சு ஓடுறியள்? சிராங்கூன் ரோட்டாலை விடுங்கோ."

விட்டேன். மெதுவாகவே விட்டேன், இஞ்சினும் அதைத்தானே செய்யும். முடிவெட்டுகிற கடை, அரிசிக் கடை, பெருமாள் கோயில் வாசல், எல்லா இடத்திலும் தலைகள் திரும்பின. கோயில் வாசலில் நின்ற ஒருத்தர், பெயர் வேண்டாம், அவரே இதைப் படிப்பார், "என்ன முத்து, துக்கம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். "துக்கம் எங்க வீட்டுலதான் இருக்கு, காருக்கு முடிஞ்சிருச்சு லா" என்று சொல்லிவிட்டு ஹார்ன் அடித்தேன். ஹார்ன் மட்டும் உங்கள் பழைய ஹார்ன்தான்.

காலாங் பாலம் வந்தது. அண்ணி பேசவில்லை. கேலாங் தாண்டியும் பேசவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது, தப்பான இஞ்சினைத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ என்று. பிடோக் தாண்டிக் கடல் காற்று வந்த பிறகு மெல்லச் சொன்னார்.

"சாவி என்ரை தலகாணிக்குக் கீழைதான் கிடந்தது. ஒரு வருசமும் கிடந்தது. போவமோ எண்டு ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

அண்ணே, யாருக்காக அந்தக் காரைத் துணி போட்டு மூடினோம்? அண்ணி மனம் நோகும் என்றுதானே? அந்த மனுஷியிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லையே. கயிறு கட்டி இழுத்தது ஒரு நாள் முட்டாள்தனம். இது ஒரு வருஷத்து முட்டாள்தனம்.

"கேக்காம விட்டது தப்புதான் அண்ணி" என்றேன். அவர் பக்கத்து வீட்டுக் குழாய்த் தகராறைத் தொடங்கினார், அங்கிருந்து தோ பாயோவில் எழும்பும் மாடி வீடுகளுக்குப் போனார், அங்கிருந்து வெண்டைக்காய்க்கு. சாங்கி வரை நிறுத்தவில்லை. ஒரு சொல்கூட எனக்குத் தவறவில்லை. திரும்பும்போது பதில் சொல்ல வேண்டுமே என்று கவனமாகக் கேட்டேன். உங்கள் அளவுக்கு நல்ல பதில் வரவில்லை. பழகிக்கொள்வேன்.

கோபமாக இருந்தால் இருங்கள். ஒரிஜினல் போச்சே என்று அங்கே யாரிடமாவது புலம்புங்கள். நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இனி எந்த ஞாயிறும் அந்தக் கார் நிற்காது. நாலு மணிக்குப் போய், "போவோமா அண்ணி?" என்று கேட்பேன். அவர் வேண்டாம் என்றால் மட்டும்தான் வேண்டாம். நான் கண்ணை மூடிய பிறகும் கேட்க ஆள் வேண்டும் என்று இராசதுரையை வருகிற ஞாயிறிலிருந்தே சாங்கி ரோட்டில் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கப் போகிறேன். என் பிணம் வீட்டில் கிடக்கிற நாள் ஞாயிறாக அமைந்தாலும், அவன் முதலில் போய் அண்ணியிடம் கேட்டுவிட்டுத்தான் எனக்குக் கொள்ளி எடுக்க வேண்டும்.

உங்கள் பேச்சைக் கேட்காத,
கூடப் பிறக்காத தம்பி,
முத்து