வீட்டில் எத்தனை பேர்

ராயபுரம்,
12-3-1954

பிலோமினாவுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். ஆஸ்பத்திரியில் உன் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை நானே பார்த்துவிட்டேன்.

யுனிவர்சிட்டியில் மறுபடியும் சுகாதாரக் கணக்கெடுப்பு ஆரம்பிக்கிறோம். அதற்காகப் பழைய படிவங்களைப் புரட்டினேன். நம் கல்யாணத்துக்கு முன்னால் தண்டையார்பேட்டையில் ஒரே குடையில் வீடு வீடாக அலைந்தோமே, அந்த நாட்கள் அப்படியே எழுந்து வந்தன. 'யாருக்காவது நோய் உண்டா?' என்று கேட்டதற்கு, ஒரு ஹார்பர் கூலி இருமிக்கொண்டே சொன்னாரே: "டெய்லி வேலைக்குப் போய்கினு கீறேன், எனக்கு இன்னா நோவு நைனா?" நீ சிரித்தாய். நான் 'இல்லை' என்று எழுதினேன்.

அந்தப் பழைய படிவக் கட்டுக்குள் உன் வீட்டுப் படிவமும் இருந்தது. நோய்? 'இல்லை' என்று உன் கையெழுத்து. அப்போதே நீ இருமிக்கொண்டிருந்தாய், வேலைக்கும் வந்துகொண்டிருந்தாய். 'சரிபார்த்தேன்' என்று கீழே கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

கேள்வியே தப்பு. கணக்கெடுப்பை நடத்தும் பேராசிரியரோடு சண்டை போட்டு, மாற்றவைத்துவிட்டேன்: 'வேலைக்குப் போகிறவர்களில் யாராவது இருமுகிறார்களா?'

புதிய படிவத்தில் முதலாவது நம் வீடு. 'வீட்டில் எத்தனை பேர்?' இரண்டு என்று எழுதினேன். "ஆஸ்பத்திரியில இருக்கறவங்களைச் சேர்க்கக் கூடாதுப்பா, அழி" என்றார் சூப்பர்வைசர்.

அழிக்கவில்லை. சீக்கிரம் வந்து அதை உண்மையாக்கு.

இப்படிக்கு,
சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டவன்