நான் வாயடைத்த குழு

முறிந்து கிடந்த ஏலக்காய்ச் செடித் தட்டைகளை வெட்டி ஒதுக்கிவிட்டு, குரங்கணி மலையிலிருந்து இப்போதுதான் இறங்கி வந்தேன். அந்தப் பச்சை வாசம் இன்னும் சேலையில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பேச்சி விழுந்த இடம் அது. நீ போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. ஆனாலும் இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எண்பதுகளில் நாம் போடியிலிருந்து ஒரே ஜீப்பில் காய் எடுக்கப் போவோம். செடிக்குள் குனிந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவளின் தலைகூடத் தெரியாது. யார் எதைக் கண்டாலும் கூவ வேண்டும், கேட்டவள் அடுத்தவளுக்குக் கூவ வேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நீதான். பாம்பு, குளவிக்கூடு, யானை, நன்றாகக் காய்த்த செடி என்று எல்லாச் சேதியும் அப்படித்தான் சரிவு முழுக்கப் பரவியது.

ஒருநாள் புதிதாக வந்தவள் பாறையைப் பார்த்து யானை என்று கூவிவிட்டாள். கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினோம். மூச்சு வாங்க நின்று, அவளைக் கிழி கிழியென்று கிழித்தேன். நீ என்னை அதட்டினாய்.

"ஏசாதடி. இன்னிக்கு வெக்கப்பட்டான்னா, நாளைக்கு நெசமாவே வந்தாலும் வாயத் தெறக்க மாட்டா."

எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது.

உன்னை நினைத்துத்தான் செல்போனில் செய்தி போடும் குழு ஒன்றைத் தொடங்கினேன். காய் எடுப்பவர்களும் ஜீப் ஓட்டுபவர்களும் சேர்ந்தார்கள். யானை எங்கே நிற்கிறது, எந்தப் பாதை வழுக்குகிறது என்றெல்லாம் போட்டார்கள். கூடவே காலை வணக்கம், ரோஜாப்பூ, யாரோ கிளப்பிய புரளி. என் குணம்தான் உனக்குத் தெரியுமே. நான் மட்டுமே செய்தி போட முடியும்படி மாற்றிவிட்டேன். குழு சுத்தமாக இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

போன வாரம் காலையில் ஜீப் டிரைவர் ஒருவர் வளைவில் ஒற்றை யானையைக் கண்டிருக்கிறார். குழுவில் போட வழியில்லை. எனக்குப் போன் அடித்திருக்கிறார். நான் போனை வீட்டில் வைத்துவிட்டுக் குழாயடியில் நின்றிருந்தேன். அது தெரியாமல் மேலே போன பேச்சி, யானையைக் கண்டு ஓடி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். இனி அவள் மலையேற முடியாது.

ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். "நீங்க என்ன செய்வீக மதினி, ஏதாச்சும் சோலியா இருந்திருப்பீக" என்றாள். நீயாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பாய். அதற்காகவாவது நீ எனக்கு வேண்டும்.

அன்றே குழுவை எல்லோருக்கும் திறந்துவிட்டேன். யார் எதைப் பார்த்தாலும் போடுங்கள் என்று தினமும் எழுதுகிறேன். எல்லோரும் படித்துவிட்டதாகப் போன் காட்டுகிறது. ஒருவரும் பதில் போடவில்லை.

நாளைக் காலையும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப் மேலே போகும். வழியில் என்ன நிற்கிறது என்று தெரிந்தவர்கள் இருப்பார்கள். என்னிடம்தான் சொல்ல மாட்டார்கள்.